ஜாடிக் கட்டில்

“அண்ணே, நல்லா இருக்கேன். பாப்பா ஸ்கூலுக்குப் போறா. எல்லாக் கட்டில்கிட்டயும் இன்னும் ஜாடி வச்சிருக்காங்களா? நீங்க என்ன கேக்க நெனைப்பீங்கன்னு எனக்குத் தெரியும். நல்லா இருக்கேன்.”

ஒரு இன்லேண்ட் கடிதம். மொத்தமும் இவ்வளவுதான். அனுப்பியவர் முகவரி இல்லை. தேதி போடவில்லை. தபால் முத்திரை மடிப்பின் மேல் விழுந்து மை கசிந்துவிட்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஊர்ப்பெயரின் பின்பாதி மட்டும் தெரிகிறது. திருப்பூராக இருக்கலாம். மாதமும் ஆண்டும் படியவில்லை.

என் கைக்கு வந்த நாளைப் பென்சிலால் ஓரத்தில் குறித்து வைத்தேன். அந்த வாரம் மணிமுத்தாற்றில் தண்ணீர் வந்திருந்தது என்பதும் குறிப்பில் இருக்கிறது.

எழுதியவர் செல்வராணி. ஊருக்குள் ஒரு தொண்டு ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியனாக இருந்தபோது அங்கே நர்ஸ். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஆஸ்பத்திரி இப்போது இல்லை. அதன் பெயர் இங்கே வேண்டாம். மற்றவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

இந்தத் தொடரில் நான் சொல்லும் ஆண்டுகளைச் சரிபார்த்துத் தபால் அட்டை போடும் வாசகர் ஒருவர் இருக்கிறார். சென்ற மாதம் ஜங்ஷன் ரோடு புளியமரம் வெட்டப்பட்டதை ஓராண்டு முன்னால் தள்ளிவிட்டேன் என்று எழுதியிருந்தார். அவர் சொன்னதுதான் சரி. இந்த வாரம் அவருக்கு வேலை வைக்கப் போவதில்லை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள், எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தைப் பற்றிப் பத்திரிகையில் படித்துக்கொண்டிருந்த காலம் என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம். நாட்கள் என் டைரியில் இருக்கின்றன. அங்கேயே இருக்கட்டும்.

ஒற்றை ஜாடி

எங்கள் ஊரில் பீங்கான் சூளைத் தொழில் தொடங்கியதைப் பற்றி என்னிடம் மூன்று குறிப்புகள் உண்டு. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குள் பீங்கான் வந்த கதை எனக்கு நன்றாகத் தெரியும். கொண்டுவந்தவரே செல்வராணிதான்.

ரத்தம் எடுத்த ஊசியைப் போடுவதற்கு அப்போது எங்களிடம் சரியான பாத்திரம் கிடையாது. அட்டைப் பெட்டியைக் குத்திக்கொண்டு ஊசி வெளியே வரும். பிளாஸ்டிக் வாளியில் ப்ளீச்சிங் பவுடர் கரைத்து வைத்தால், மேசை துடைக்க அதை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். செல்வராணி ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் சூளைக்காரர் ஒருவரிடம் பேசி, வாய் விரிந்த ஒரு ஊறுகாய் ஜாடியை வாங்கி வந்தார். பழுப்பு நிறம். வேக்காட்டில் மேற்பூச்சு கொப்பளித்திருந்ததால் விற்பனைக்கு ஆகாது என்று ஒதுக்கியது. ஊசி அதைத் துளைக்காது, ப்ளீச்சிங் அதை அரிக்காது.

நல்ல யோசனைதான். ஆனால் ஜாடி ஒன்றே ஒன்று.

ஒன்றுதான் என்பதால் அது எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு என்று ஆனது. கையுறைக்கும் அதே கதி. போட்ட கையுறையைக் கழுவி, கொடியில் காயவைத்து, பவுடர் தடவி மறுபடி போடும் காலம். இருந்த சில ஜோடிகளும் ஜாடியோடு சேர்ந்தே போயின. ரத்த முடிவு நான் எழுதித் தந்ததும் கேஸ் ஷீட்டின் மூலையில் சிவப்பு மையில் ஒரு வட்டம் போடுவார்கள். உடனே ஆயா கோவிந்தம்மா ஜாடியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்த வார்டுக்குப் போவார். ஊசி போட்டதும் மூடியை மாட்டாமல் அப்படியே ஜாடிக்குள் விட வேண்டும். மற்ற நோயாளிகளின் ஊசிகளுக்குப் பழைய முறைதான். மூடியை மாட்டி, தட்டில் வைத்து, நர்ஸ் அறைக்கு எடுத்துப் போவது.

நோயாளிகளோடு வந்து தங்குகிறவர்களுக்கு வேறு வேலை என்ன? கோவிந்தம்மா ஜாடியோடு நடந்தால் எல்லாத் தலைகளும் கூடவே திரும்பும். எந்தக் கட்டிலின் காலடியில் அது இறங்குகிறது என்று பார்ப்பார்கள். இரண்டு மாதத்தில் அந்தக் கட்டிலுக்குப் பெயரே வந்துவிட்டது. ஜாடிக் கட்டில்.

அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் தெருவே ஒதுங்கிப் போகும். அதில் பயத்தோடு கொஞ்சம் பயபக்தியும் இருந்தது. இதில் பயம் மட்டும்தான்.

நான் எழுதிய மனு

ஒரு கொத்தனார் காய்ச்சலுக்கு வந்து சேர்ந்தார். மூன்றாம் நாள் காலை ஜாடி அவர் கட்டிலுக்கு வந்தது. மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டுவந்த மைத்துனர் வாசலிலேயே விசாரித்துத் தெரிந்துகொண்டு, தூக்குவாளியைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் கட்டில் காலி. கொத்தனார் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். தூக்குவாளி திறக்கப்படாமல் அங்கேயே இருந்தது. உள்ளே கருவாட்டுக் குழம்பு. அந்த வாசனை வார்டை விட்டுப் போக இரண்டு நாளானது.

அன்று நான் டாக்டரம்மாவுக்கு ஒரு மனு எழுதினேன். கார்பன் நகல் இன்னும் இருக்கிறது. “கட்டிலருகே ஜாடி வைப்பது நோயாளியை ஊருக்குக் காட்டிக்கொடுப்பதாகும்” என்று ஒரு வரி. முடிவைக் கேஸ் ஷீட்டில் குறிக்கக் கூடாது, டாக்டரும் லேப்பும் மட்டும் அறிந்தால் போதும் என்று இன்னொரு வரி. ஜாடியை நர்ஸ் அறையில் நிரந்தரமாக வைத்துவிடலாம் என்று மூன்றாவது வரி. எல்லா ரத்தத்தையும் ஒரே மாதிரி எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்று படித்ததையும் சேர்த்திருந்தேன். நான் நிறையப் படிக்கிறவன்.

டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். சிவப்பு வட்டம் நின்றது. ஜாடி நர்ஸ் அறையின் மூலைக்குப் போனது.

செல்வராணி மட்டும் லேப் வாசலில் வந்து நின்று கேட்டார். வார்டுக் கடைசியிலிருந்து நர்ஸ் அறை வரைக்கும் திறந்த ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பது எப்படி என்று. மெதுவாக நடங்கள் என்று சொன்னேன். சிரித்தார். “நீங்க ஒருநா நடந்து காட்டுங்கண்ணே” என்றார். நானும் சிரித்தேன்.

அந்தப் பேச்சு டைரியில் இல்லை. அப்போது அது எழுத வேண்டியதாகப் படவில்லை.

ஐந்தாம் கட்டில்

பூங்காவனத்துக்கு நல்லூரைத் தாண்டி ஒரு கிராமம். முப்பது வயதுக்குள். கணவர் லாரியில் வேலைக்குப் போனவர், முந்தின ஆண்டு இறந்திருந்தார். வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாக வந்த பூங்காவனத்தைப் பெண்கள் வார்டில் ஐந்தாம் கட்டிலில் சேர்த்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய ரத்தத்தை நான் பரிசோதித்தேன். முடிவை டாக்டரம்மாவிடம் சொன்னேன். டாக்டரம்மா பூங்காவனத்தைத் தனியாக அழைத்துச் சொன்னார். மனுவின்படி வேறு யாருக்கும் சொல்லவில்லை.

பூங்காவனத்துக்குச் செல்வராணியைப் பிடித்துப்போனது. செல்வராணிக்கு வீட்டில் பத்து மாதப் பெண் குழந்தை இருக்கிறது என்று தெரிந்ததும் தினமும் அதைப் பற்றித்தான் கேட்பார். பல் முளைத்துவிட்டதா, தவழ்கிறதா என்று. மத்தியானத்தில் மாரில் பால் கட்டி, செல்வராணியின் சட்டை நனைந்துவிடும். பூங்காவனம் அதைப் பார்த்து, உன் மகள் கூப்பிடுகிறாள், சீக்கிரம் பஸ்ஸைப் பிடி என்று கேலி செய்வார்.

அடுத்த திங்கட்கிழமை காலை. செல்வராணி பூங்காவனத்துக்கு ரத்தம் எடுத்துக் குழாயில் ஊற்றிவிட்டார். பக்கத்துக் கட்டில் கிழவி வாந்தி எடுக்கப் போனார். ஓடிப் பிடிக்க வேண்டும். திறந்த ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு ஓட முடியாது. செல்வராணி அவசரமாக மூடியை மாட்டினார். ஊசி மூடிக்கு வெளியே வழுக்கி இடது கை ஆள்காட்டி விரலில் இறங்கியது. கையில் கையுறை இல்லை. சிவப்பு வட்டம் நின்றபின், யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று தெரியாதபோது, இருந்த சில ஜோடிகளைப் பிரசவ அறைக்கென்று ஒதுக்கிவிட்டார்கள்.

விரலைப் பார்த்துவிட்டு, துணியில் துடைத்துக்கொண்டு கிழவியைப் பிடிக்கப் போனார். அவருக்கு அது தினம் நடக்கிற ஒன்று.

பூங்காவனம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அன்று வார்டில் இருந்தவர்கள் பலர் எனக்குச் சொன்னது ஒன்றுபோலவே இருக்கிறது. எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாராம்.

“அம்மாடி, அத வுடு. போயி கையக் கழுவு மொதல்ல. என் ரத்தம் நல்ல ரத்தமில்ல. எனக்கு அந்த சீக்கு இருக்குது.”

ஒரு வாரமாக நானும் டாக்டரம்மாவும் பூட்டி வைத்திருந்ததை அவரே திறந்துவிட்டார். அவருக்காகத்தான் பூட்டியிருந்தோம்.

பத்து நிமிடத்தில் நான்காம் கட்டிலும் ஆறாம் கட்டிலும் சுவரோரம் நகர்ந்திருந்தன. சாயங்காலம் பூங்காவனம் துணியை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். டாக்டரம்மா தடுத்துப் பார்த்தார். பக்கத்தில் இருப்பவர்கள் சோறு தின்ன முடியாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு தன்னால் படுத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

லேப் வாசலில்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு செல்வராணி நேராக என்னிடம் வந்தார். விரலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணே, உங்களுக்குத் தெரியுமா?”

தெரியும் என்றேன்.

“எத்தினி நாளா?”

“போன செவ்வாக்கிழமையிலேருந்து.”

என் மேசையில் இருந்த ரிஜிஸ்டரைப் பார்த்தார்.

“தேதியெல்லாம் கரெக்டா வச்சிருக்கீங்க” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் இத்தனை ஆண்டுக்குப் பிறகு எனக்கு அது மறந்திருக்கும்.

அன்றே அவரைக் கடலூருக்கு அழைத்துப் போனேன். தடுப்பு மாத்திரை அங்கேதான் கிடைக்கும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. பஸ்ஸில் செல்வராணி ஜன்னலோரம் உட்கார்ந்து, குழந்தைக்கு இனிமேல் பால் கொடுக்கலாமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். கூடாது என்பது எனக்குத் தெரியும். டாக்டரிடம் கேட்கலாம் என்றேன். வடலூர் வருவதற்குள் அவர் சட்டை நனைந்துவிட்டது. முந்தானை மாதிரி ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டார்.

கடலூரில் டாக்டரும் கூடாது என்றுதான் சொன்னார்.

வேப்பிலை

நான்கு வாரம், வேளை தவறாமல் மாத்திரை. குமட்டல், தலைசுற்றல், நாக்கில் இரும்புச் சுவை. பகல் மாத்திரையை லேப்பில் என் அலமாரியில் வைத்திருந்தார். இன்னொரு வேளைக்கானதை வீட்டில் வெந்தயப் பொட்டலத்துக்குள் ஒளித்து வைத்தார். மாமியார் வெந்தயத்தைத் தொட மாட்டாராம்.

குழந்தைக்குப் பால் நிறுத்த ஒரு காரணம் வேண்டும். உடம்பில் ரத்தம் கம்மி, டாக்டர் நிறுத்தச் சொன்னார் என்று மாமியாரிடம் சொல்லியிருக்கிறார். அது பொய்யும் ஆகிவிடவில்லை. இரண்டாவது வாரத்தில் நான் பார்த்தபோது ரத்தம் உண்மையிலேயே குறைந்திருந்தது. அந்த மாத்திரை அப்படிச் செய்யும்.

மாமியாரே வேப்பிலை அரைத்துக் கொடுத்தார். மார்பில் தடவிக்கொண்டால் குழந்தை கசப்புக்குப் பயந்து மறந்துவிடும். இவர் குழந்தை மறக்கவில்லை. கசப்பையும் சேர்த்துக் குடிக்கப் பார்த்தது. “மூஞ்சியச் சுளிச்சிக்கினே வருதுண்ணே. நாந்தான் தள்ளி வுடறேன்” என்றார். இதைச் சொல்லும்போது மைக்ராஸ்கோப் உறையின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். அதில் தூசி இல்லை.

கணவருக்குப் பத்து நாள் கழித்துத்தான் சொன்னார். அவர் சத்தம் போடவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலில் போய்ப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பாய் உள்ளே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் நிலைமை வேறு விதம். எல்லோரும் செல்வராணியிடம் அன்பாகப் பேசினார்கள். யாரும் அவரோடு சேர்ந்து சாப்பிடவில்லை. ஒருநாள் எவர்சில்வர் டம்ளர்களைக் கழுவும்போது, ஒன்றின் அடியில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருப்பதைப் பார்த்தேன். ஊசி மூலம் தொற்றும், டம்ளர் மூலம் தொற்றாது என்று நோயாளிகளுக்கு வகுப்பெடுக்கிறவர்கள் நாங்கள். சிவப்பு வட்டத்தை நான் காகிதத்திலிருந்துதான் அழித்திருந்தேன். கோவிந்தம்மாவிடம் கேட்டேன். தான் வைக்கவில்லை என்று சத்தியம் செய்தார். பிறகு மெல்லிய குரலில், “ஆனா அது எதுன்னு தெரிஞ்சிருக்கறது நல்லதுதானே சார்” என்றார்.

பன்னிரண்டு ஜாடிகள்

ஊசி குத்திய மறுவாரம் நான் சூளைக்குப் போனேன். கழிக்கப்பட்ட ஜாடிகள் கொட்டகைக்குப் பின்னால் மழையில் குவிந்து கிடந்தன. பெண்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில். பன்னிரண்டு ஜாடிகளைப் பொறுக்கினேன். சூளைக்காரர், “என்னா சார், ஊறுகா கம்பெனி தொறக்கறீங்களா?” என்றார். ஆண்கள் வார்டுக்குப் பிறகு வருகிறேன் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு ஜாடி. எல்லாக் கட்டிலும் ஜாடிக் கட்டில். யாருக்கு எந்த நோய் என்று ஜாடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. எந்த ஊசிக்கும் மூடி மாட்ட வேண்டியதில்லை. முதல் வாரம் ஒருவர் அதில் வெற்றிலை துப்பினார். இன்னொருவர் வாழைப்பழத் தோல் போட்டார். பிறகு பழகிவிட்டது.

இவ்வளவுதான் தேவைப்பட்டது. மனு எழுதிய அன்று நான் சூளைவரை சைக்கிளில் போயிருந்தால் போதும். ஒரு ஜாடியை எங்கே வைப்பது என்று நினைத்தேனே தவிர, இன்னும் பன்னிரண்டு வாங்கலாம் என்று தோன்றவில்லை. ஊரே ஜாடி செய்துகொண்டிருந்தது.

வராந்தாவில்

ஊசி குத்தி மூன்று வாரம் கழித்துப் பூங்காவனம் வந்தார். சிகிச்சைக்கு வரவில்லை. வெளிநோயாளிகள் வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னும் மெலிந்திருந்தார். நான் பக்கத்தில் போனதும், “அந்த ஊசி குத்திக்கின பொண்ணு எப்பிடி இருக்குது சார்?” என்றார்.

செல்வராணி அப்போது லேப்புக்குள் இருந்தார். மாத்திரை நேரம். திறந்திருந்த கதவு வழியாக இருவருக்கும் ஒருவரையொருவர் பார்க்க முடியும். செல்வராணி கையில் டம்ளரோடு கதவுக்குப் பின்னால் ஓரடி நகர்ந்து நின்றுகொண்டார்.

முதல் பரிசோதனைக்கே இன்னும் மூன்று வாரம் இருந்தது. நான் சொன்னேன்: “நல்லா இருக்காங்க.”

பூங்காவனம் தலையசைத்தார். குழந்தையைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று எவ்வளவோ கேட்டும், பஸ் போய்விடும் என்று கிளம்பினார். அதன் பிறகு அவர் வரவில்லை. வீட்டுக்குக் கடிதம் போட்டால் அதுவே இன்னொரு ஜாடி ஆகிவிடும் என்று போடவில்லை.

செல்வராணி மாத்திரையை விழுங்கிவிட்டு, “பேசியிருக்கணும்” என்றார். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “முடியலண்ணே” என்றார்.

படியாத தேதி

ஆறாவது வாரம் செல்வராணியின் ரத்தத்தை நானே பரிசோதித்தேன். பெயர் இல்லாமல் எண்ணாக எழுதினேன். தொற்று இல்லை. மூன்றாவது மாதமும் இல்லை. அந்த நாட்களின் நடைமுறைப்படி ஆறாவது மாதம் ஒருமுறை பார்த்தால்தான் முடிந்தது என்று சொல்ல முடியும். அந்த நாளை டைரியில் முன்கூட்டியே வட்டமிட்டு வைத்தேன்.

அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது அவர் வேலையை விட்டார். காரணம் ‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதிக் கொடுத்தார். கணவருக்குத் திருப்பூரில் வேலை என்றார்கள். கணவர் தனியாகப் போனார், இவர் வேறு எங்கோ போனார் என்றும் சொன்னார்கள். கடைசி நாளில் செல்வராணி அந்த டம்ளரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அடியில் இருந்த புள்ளியை அவரும் பார்த்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வட்டமிட்ட நாள் வந்தது, போனது. அந்தப் பக்கத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. வெறுமையாக விட்ட பக்கம் என் டைரிகளில் மிகக் குறைவு.

சில ஆண்டுகள் கழித்துத்தான் இந்த இன்லேண்ட் வந்தது. அதில் இரண்டு இடத்தில் ‘நல்லா இருக்கேன்’ என்று இருக்கிறது. முதல் தடவை படித்தபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். மறுநாள் மறுபடி படித்தேன். பரிசோதித்துக்கொண்டேன் என்ற சொல் அதில் இல்லை.

வராந்தாவில் ஒருவரிடம், எந்த முடிவும் கையில் இல்லாமல், அதே சொல்லை நான் சொல்லியிருக்கிறேன். கதவுக்குப் பின்னால் நின்று செல்வராணி அதைக் கேட்டிருக்கிறார்.

ஆறாவது மாதப் பரிசோதனை எங்காவது நடந்ததா, நடந்திருந்தால் முடிவு என்ன என்பதை இன்றுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.